சிக்கனத்தில் போன முகம்

கோபமாக இருக்கும்போது பேனாவைத் தொடாதீர்கள் என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் சொல்வார். நல்ல மனிதர். ஆனால் இந்த வாரம் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. ஆறட்டும், ஆறட்டும் என்று இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். ஆறவில்லை. ஆறாத கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு உங்களுக்கு வேறு என்னத்தை எழுதுவது? முறுக்கு சுடும் குறிப்பா?

நடந்தது இதுதான்.

மலாக்கா டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நானும் என் பக்கத்து வீட்டு சரசு அக்காவும். அந்தப் பக்கம் ஸ்டூடியோ தவ்கே, அதாவது முதலாளி, வயதான சீனர். சரசு அக்கா கைப்பையிலிருந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றி, அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அடகுக்கடைக்கு நகை கொண்டு வருவதுபோல் கொண்டு வந்திருந்தார்.

தவ்கே அதைக் கம்ப்யூட்டரில் செருகினார். கடகடவென்று கொஞ்ச நேரம் சத்தம். பிறகு படம் வந்தது. பின்னால் கோயில் கோபுரம். முன்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. சரசு அக்காவின் கணவர் பெருமாள் அண்ணன். இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

"இதான். மொகம் மட்டும் பெருசா வேணும். பிரேம் போடணும், பதினாறாம் நாளுக்கு," என்றார் அக்கா. நான் அதை மலாயில் தவ்கேயிடம் சொன்னேன்.

தவ்கே முகத்தைப் பெரிதாக்கினார். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

திரையில் முகம் இல்லை. கட்டங்கள் இருந்தன. குளியலறைச் சுவரில் ஒட்டும் சின்ன ஓடுகளைப்போல வரிசை வரிசையாகச் சதுரங்கள்... பழுப்பு, அதைவிடக் கொஞ்சம் பழுப்பு, கறுப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரம். மீசை இருந்த இடத்தில் ஒரு பட்டை. வாய் எங்கே முடிகிறது, தாடை எங்கே தொடங்குகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"தாக் பொலே லா, அக்கா," என்றார் தவ்கே. முடியாது என்று. யாரோ படத்தை மிகவும் சுருக்கிவிட்டார்கள், இதில் பெரிதாக்குவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை என்று மலாயில் விளக்கினார். சின்னதாகப் பார்த்தால் ஆள் தெரிகிறது, கிட்டே போனால் ஆள் இல்லை.

சரசு அக்காவுக்கு அந்த விளக்கம் எதுவும் காதில் விழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு எங்க தங்கச்சி?" என்று கேட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பெருமாள் அண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மலாக்கா வட்டாரத்தில் ஏதாவது ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்திருந்தால் — அது அவர் ரசம். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். எஸ்டேட் கைமாறிய பிறகு ஆயர் குரோவில் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குக் குடிவந்தார். விசேஷங்களுக்கு அவ்வப்போது சமைத்துக்கொண்டிருந்ததை முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். தங்கா பத்துவிலிருந்து செர்காம் வரைக்கும் அவர் அண்டா போகாத மண்டபம் இல்லை.

இப்போது ஒரு கேள்வி. நம் கல்யாணங்களில் எத்தனை படம் எடுக்கிறோம்? மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்கு ஒரு படம். மாட்டுவதற்கு ஒரு படம். மாமா சீர்த்தட்டைத் தூக்குவதற்கு, அத்தை அதைத் தொடுவதற்கு, சித்தி அதைப் பார்ப்பதற்கு... சமையல்காரரை யாராவது எடுக்கிறோமா? எடுத்த ஒரு வீட்டைக் காட்டுங்கள், நான் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

என் மகள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அவர் வைத்த பாயசம் இருக்கிறது, குளோசப்பில். அவர் இல்லை.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கேமராவைக் கண்டால் கரண்டியோடு அண்டாவுக்குப் பின்னால் போய்விடுவார். அவருடைய கல்யாணத்தன்று எடுத்த படம் ஒன்று வீட்டில் இருந்தது. அது பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பூஞ்சை பூத்து, மாப்பிள்ளையின் கழுத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு எத்தனை வீட்டில் இப்படி! வண்டி ஓட்டத் தெரியாது, ஆகவே லைசென்ஸ் இல்லை. வெளிநாடு போனதில்லை, ஆகவே பாஸ்போர்ட் இல்லை.

மிச்சம் இருந்தது ஐசி, அடையாள அட்டை. அதில் படம் உண்டு. ஆனால் மகன் சேகர் ஜொகூரிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்து, மறுநாள் காலையிலேயே மரணத்தைப் பதிவு செய்யப் போனான். பதிவு செய்யும்போது இறந்தவரின் ஐசியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம். கொடுத்துவிட்டு வந்தான். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றுமா? வீட்டில் ஐசியின் போட்டோஸ்டட் ஒன்று இருந்தது. அதில் முகம் கரிச்சட்டி அடிப்பாகம்.

ஆக, அந்த மனிதர் இந்த உலகத்தில் இருந்தார் என்று சொல்வதற்கு முழுசாக இருந்தது ஒரே ஒரு படம். டிஸ்கெட்டில் இருந்த கும்பாபிஷேகப் படம்.

அந்தப் படமும் சும்மா வந்துவிடவில்லை. சரசு அக்கா சண்டை போட்டு வாங்கியது. எங்கள் கோயில் கும்பாபிஷேகத்தின்போது மூன்று நாள் அன்னதானம் முழுக்கப் பெருமாள் அண்ணன்தான். கடைசி நாள், பந்தியெல்லாம் முடிந்த பிறகு, அக்கா அவரை வீட்டுக்கு இழுத்து வந்து, குளிக்க வைத்து, வேட்டி மாற்றி, தலை வாரி, திரும்பக் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

"'குணா தம்பி, இவர ஒரு படம் புடிங்க'ன்னு சொன்னேன் தங்கச்சி. இவரு 'எதுக்கு லா இதெல்லாம்'னு முனகிக்கிட்டேதான் நின்னாரு. ஆனா கடசீல லேசா சிரிச்சாரு. நான் பாத்தேன்."

அந்தச் சிரிப்பைத்தான் தேடிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். சிரிப்பு இருந்த இடத்தில் பழுப்புச் சதுரம்.

குணா தம்பி என்பது குணாளன். எங்கள் கோயில் நிர்வாகத்தின் செயலாளர். ஆயர் குரோவில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பிரமுகர் கோயிலுக்கு நன்கொடையாகக் கொடுத்த டிஜிட்டல் கேமரா அவரிடம்தான் இருக்கும். பிலிம் வேண்டாம், கழுவ வேண்டாம், எடுத்த உடனே பின்னால் இருக்கும் சின்னத் திரையில் பார்க்கலாம். அது வந்த நாளிலிருந்து குணாளன் அதைக் கழுத்தைவிட்டு இறக்கியதில்லை.

ஸ்டூடியோவிலிருந்து நேராக அவர் வீட்டுக்குத்தான் போனோம். உண்மையைச் சொல்கிறேன், வழியில் நான் பேச வேண்டிய வசனங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்றார் குணாளன். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

டிஸ்கெட்டை அவர் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கினார். சதுரங்கள் வந்தன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சதுரங்கள் அப்படியேதான் இருந்தன.

"இது கோயில் வெப்சைட்ல பாக்க நல்லாத்தானே இருந்திச்சு..." என்றார்.

"வெப்சைட்ல மால போட முடியாது தம்பி," என்றேன்.

பிறகுதான் மெதுவாக விஷயம் வெளியே வந்தது. இந்தக் கேமராவில் படத்தைச் சேமிக்க இரண்டு விதம் உண்டாம். ஒன்று, கேமராவின் கண்ணாடி பார்த்ததை ஒரு புள்ளிகூடத் தள்ளாமல் அப்படியே எழுதி வைப்பது. அதற்கு இடம் நிறைய வேண்டும். கேமராவோடு வந்த மெமரி கார்டில் அப்படி ஒரே ஒரு படம்தான் பிடிக்கும். ஒரே ஒன்று! எடுத்து முடித்த பிறகு அதை எழுதி முடிக்கவும் நேரமாகும். அதுவரை அடுத்த படம் எடுக்க முடியாது.

இன்னொன்று, சுருக்கி வைப்பது. கேமரா படத்தைப் பார்த்து, இது தேவை, இது தேவையில்லை என்று தானே முடிவு செய்து, தேவையில்லாததைத் தள்ளிவிடும். ஜேபெக் என்று பெயர். அதிலும் நல்லது, சுமார், ரொம்பச் சிக்கனம் என்று பல படி இருக்கிறது. ஆகக் கடைசிப் படியில் வைத்து, படத்தின் அளவையும் குறைத்துவிட்டால், அதே கார்டில் எண்பது, தொண்ணூறு படம் பிடிக்கும்.

"நீங்க எதுல வச்சீங்க?"

"கடசீலதான் வச்சிருந்தேன்க்கா."

"ஏன்?"

"அன்னிக்குப் பொன்னாடை நெறைய இருந்திச்சுக்கா."

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

பொன்னாடை! உங்களுக்குத் தெரியாதா நம் மேடைகளை? ஒய்.பி.க்கு, அதாவது நம் சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒரு பொன்னாடை. ஒய்.பி.யோடு வந்தவருக்கு ஒன்று. அவருக்குக் கதவு திறந்து விட்டவருக்கு ஒன்று. தலைவருக்குத் துணைத்தலைவர் போர்த்துவார். அந்தச் சூடு ஆறுவதற்குள் துணைத்தலைவருக்குத் தலைவர் போர்த்துவார். கடைசியில் பொன்னாடை வாங்கி வந்தவருக்கே ஒரு பொன்னாடை. போர்த்துபவரும் போர்த்தப்படுபவரும் கேமராவைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். படம் விழும்வரை கையை எடுக்க மாட்டார்கள். ஒரு படம் விட்டுப்போனால் அடுத்த பொதுக்கூட்டத்தில் கேள்வி வரும்.

"ஒருத்தர் படம் இல்லன்னாலும் என்னய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்கக்கா. கையில ஒரு கார்டுதான் இருக்கு. நான் என்னா செய்ய?" என்றார் குணாளன்.

"அதோட விட்டீங்களா?"

அதோடும் விடவில்லை. கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் படம் வேண்டும், சரசு அக்காவுக்கும் வேண்டும். எல்லாப் படத்தையும் ஒரே டிஸ்கெட்டில் அடைத்துக் கொடுத்தால் செலவு மிச்சம். ஆகவே ஏற்கெனவே சுருக்கிய படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு இன்னொரு தடவை சுருக்கினார். தேங்காயை முதலில் பிழிந்தால் கெட்டிப் பால் வரும். இரண்டாவது தடவை பிழிந்தால் தண்ணிப் பால். மூன்றாவது தடவை பிழிந்தால் பால் என்று பெயர்தான். அளவைக் குறைத்தது ஒன்று, கேமரா சுருக்கியது இரண்டு, கம்ப்யூட்டர் சுருக்கியது மூன்று; சரசு அக்கா கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தது மூன்றாம் பால்.

"சரி, கார்டுல மொதல்ல எடுத்தது இருக்கில்ல? அதக் குடுங்க," என்றேன்.

குணாளன் தரையைப் பார்த்தார். "அழிச்சிட்டேன்க்கா. மறுநாளு எளைஞர் பிரிவு கூட்டம்."

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தையெல்லாம் கத்தித் தீர்த்தேன். பிறகு சரசு அக்கா கேட்டார்.

"ஏன் தம்பி... அந்த மிசினு எதத் தள்ளிவிடும்?"

"கண்ணுக்குத் தெரியாததத்தான்க்கா தள்ளும். இப்ப சட்ட வெள்ளையா இருக்குன்னு வைங்க, எல்லா எடமும் வெள்ளதான, அதனால ஒரு தடவ எழுதினா போதும். மொகத்துலயும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்ல, அதெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு..."

"யாரு கண்ணுக்குத் தெரியாதது?" என்றார் அக்கா.

குணாளன் மறுபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரு எடது கன்னத்துல எண்ண தெறிச்ச தழும்பு இருக்கும். எனக்குத் தெரியுமே தம்பி. மிசினுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. எனக்குத்தான் மூக்கு அடைத்துக்கொண்டது. கோபத்தில் அழுவது எனக்குப் பழக்கம், அதை வாராவாரம் படிக்கிறவர்கள் அறிவார்கள்.

நியாயமாகவும் பேசுவோம். சுருக்குவது குற்றமா? இல்லை. எண்பது படமும் முழுசாகத்தான் வேண்டும் என்றால் எண்பது கார்டு வேண்டும். கோயிலை விற்றுத்தான் வாங்க வேண்டும். பிறந்தநாள் கேக்கைச் சுருக்குங்கள். ஷோரூமிலிருந்து ஓட்டி வந்த புதுக் காடியைச் சுருக்குங்கள். மேடையில் வரிசையாக நிற்கும் மாலைகளைத் தாராளமாகச் சுருக்குங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. குணாளனும் கெட்டவர் இல்லை. சம்பளமில்லாமல் கோயிலுக்கு உழைக்கிறவர். நான் கத்தியதில் பாதி அவருக்குச் சேர வேண்டியதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கேமரா ஓரவஞ்சனை செய்யவில்லை. அந்த டிஸ்கெட்டில் இருந்த மற்ற படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒய்.பி.யின் முகமும் சதுரம்தான். தலைவர் முகமும் சதுரம்தான். எல்லோரையும் ஒரே மாதிரித்தான் பிழிந்திருக்கிறது. ஆனால் ஒய்.பி.க்கு ஊரெல்லாம் படம். சுவரில் படம், பத்திரிகையில் படம், வாழ்த்து அட்டையில் படம். எண்பதில் ஒன்று போனால் அவருக்கு என்ன? ஒன்றே ஒன்று வைத்திருந்தவருக்கு அதே சிக்கனம் என்ன செய்தது என்று பாருங்கள்.

எனக்கு எரிகிற இடம் இதுதான். சிக்கனம் என்று வந்துவிட்டால் நாம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வெட்டுகிறோம் என்று மார்தட்டிக்கொள்கிறோம். நாற்காலி பற்றவில்லையா, எல்லோரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள். கறி பற்றவில்லையா, எல்லோருக்கும் ஒரு கரண்டி குறையுங்கள். வீட்டில் ஐந்து வகை வைத்துவிட்டு வந்தவருக்கும் ஒரு கரண்டி குறைவு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்தவருக்கும் ஒரு கரண்டி குறைவு. சமமாகத்தானே செய்தோம் என்கிறோம். அந்த இரண்டாமவர் கோபுரத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது, ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தப் பொத்தானைத் திருப்பி வைக்க நமக்குத் தோன்றுவதில்லை.

தோன்றியிருந்தால்தான் என்ன? அன்று பொன்னாடையெல்லாம் முடிந்துவிட்டது. படங்களை வீட்டில் இறக்கிவிட்டு, வெறும் கார்டோடு மறுநாள் வந்து நிதானமாக எடுத்திருக்கலாம். பெருமாள் அண்ணன் எங்கும் ஓடியிருக்க மாட்டார். பாத்திரம் கழுவ மறுநாளும் கோயிலில்தான் இருந்தார்.

மறுநாள் மாலை குணாளன் எங்கள் வீட்டுக் கேட்டில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். சரசு அக்காவையும் கூப்பிட்டேன்.

"அண்ணனோட தம்பி ஒருத்தர் செர்காம்ல இருக்காருல்ல? ரெண்டு பேருக்கும் ஒரே சாட. அவர ஸ்டூடியோவுல ஒரு படம் எடுத்துட்டு, கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் அவரோடத எடுத்துக் கம்ப்யூட்டர்ல அண்ணன் மொகத்துல வச்சி ஒட்டிடலாம்க்கா. மீசைய மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணா போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான் செஞ்சி தரேன்."

அக்கா அவரை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"பக்கத்துல படுத்து எந்திரிச்சவளுக்குத் தெரியாதா தம்பி? என் வீட்டுச் செவுத்துல இன்னொருத்தி புருசனுக்கா மால போடுவேன்? அவரு தம்பி பொண்டாட்டி கருமாதிக்கு வருவாளே, அவ நெலமைய நெனச்சுப் பாத்தீங்களா?"

அவ்வளவு துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. குணாளனுக்கு மட்டும் வரவில்லை.

கடைசியில் அக்கா தானே முடிவெடுத்தார். திரும்ப ஸ்டூடியோவுக்குப் போனோம். "எவ்வளவு சின்னதா போட்டா அவரு அவரா இருப்பாரோ, அவ்வளவு சின்னதா போடச் சொல்லு தங்கச்சி," என்றார். தவ்கே புரிந்துகொண்டார். படத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். சதுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கலங்கி, தீப்பெட்டி அளவுக்கு வந்தபோது பெருமாள் அண்ணன் திரும்பி வந்தார். அக்கா திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"ஆமா. சிரிக்கிறாரு," என்றார்.

போன வாரம் கருமாதி. வீட்டுக்கு முன்னால் சாலையோரம் கூடாரம் போட்டிருந்தது. கூடத்தில் பெரிய பிரேம், பெரிய மாலை, நடுவில் வெள்ளை அட்டையில் தீப்பெட்டி அளவுக்குப் பெருமாள் அண்ணன். வந்தவர்கள் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர முடியவில்லை. ஒவ்வொருவரும் கிட்டே போய், குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தபோது இத்தனை பேர் அவர் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

பந்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கோயில் கமிட்டி வந்து சேர்ந்தது. தலைவர், பின்னால் நாலைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் கேமராவோடு குணாளன். தலைவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பையிலிருந்து என்ன எடுத்தார் தெரியுமா? பொன்னாடை.

"அன்னாரின் அன்னதானச் சேவையைப் பாராட்டி, அவர்தம் புதல்வருக்கு..." என்று ஆரம்பித்தார். சேகர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றான். கருமாதி வீட்டில் பொன்னாடை! நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் இருங்க தலைவரே."

சரசு அக்கா கூடத்துக்கு வந்தார். அன்று காலையில் அவருடைய அண்ணன் வீட்டிலிருந்து வந்து கொடுத்த கோடிப் புடவை உடலில். கஞ்சி மொடமொடப்புகூடக் குறையாத புதுப் புடவை. தலையைப் படிய வாரியிருந்தார். ஒரு நாற்காலியை இழுத்து, வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கமாகப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"குணா தம்பி, ஒரே படம் மட்டும் புடிக்கும்னு சொன்னீங்களே, அதுல வைங்க. என்னய ஒரு படம் எடுங்க."

அக்காவின் நாத்தனார் பதறிப்போய்க் கிட்டே வந்து, "அண்ணி, இன்னிக்குப் போயா? பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க?" என்றார்.

"இன்னிக்குத்தான். அண்ணன் வீட்டுக் கோடி கட்டியிருக்கேன். தல சீவி விட்டிருக்காங்க. இனிமே எனக்கு யாரு இப்படி உடுத்தி உக்கார வைக்கப் போறா? நாளைக்கு எனக்கு ஒன்னுன்னா என் புள்ள டிஸ்கெட்டத் தூக்கிக்கிட்டுக் கட கடயா அலையக் கூடாது."

சேகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குணாளன் கேமராவைக் கையில் எடுத்தார். பொத்தான்களை அமுக்கி அமுக்கி எதையோ மாற்றினார். ஒரு காலை மடித்து அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்து, நிறைய நேரம் பார்த்து, எடுத்தார். கேமராவில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது.

தலைவர் பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். மடிப்பதா, நீட்டுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

"முடிஞ்சிச்சா தம்பி?" அக்கா உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"எடுத்தாச்சுக்கா, நீங்க எந்திரிக்கலாம். கேமராதான் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் லேட்டாகும்."

"எழுதட்டும்," என்றார் அக்கா. "எதையும் தள்ளாம எழுதட்டும்."

விளக்கு அணையும்வரை அவர் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாங்களும் அசையவில்லை.

நேற்று குணாளனிடமிருந்து அந்தக் கேமராவை இரவல் வாங்கி வந்தேன். கைலியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் குளிக்கச் சொல்லி, நல்ல சட்டை போடச் சொல்லி, ஜன்னலோரம் உட்கார வைத்தேன். எதற்கு, எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பத்திரிகையில் வரும், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.